பழம்பெரும் ஆடை நிறுவனத்தின் மரபுக்குப் புதிய வடிவமைப்பாளர் பொருந்துவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்தணியைத் தாண்டியதும் ஆந்திர எல்லைக்குள் வரும் நகரியில், தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இப்போது துணி வெட்டுதலும் ஆடை வரலாறும் கற்பித்து வருகிறேன். டியோர், ஷனெல், குச்சி, பாலென்சியாகா ஆகிய நான்கு ஐரோப்பிய ஆடம்பர ஆடை நிறுவனங்களிலும் 2025ஆம் ஆண்டுக்குள் புதிய வடிவமைப்பாளர்கள் பொறுப்பேற்றதிலிருந்து, மாணவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "சார், இவர் அந்த வீட்டுக்குப் பொருந்துவாரா?" ஆடைத் துறையில் இத்தகைய நிறுவனத்தை 'வீடு' என்று சொல்வது வழக்கம். வகுப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். குச்சி என்ற பெயர் தமிழில் எழுதும்போது சுள்ளியை நினைவூட்டுவதைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் மரபு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மரபு என்பது அடையாளச் சின்னங்களாகத் தெரிகிறது. ஷனெல் என்றால் ட்வீட் என்ற சொரசொரப்பான கம்பளித் துணியில் தைத்த கோட்டும் முத்துமாலையும் கமேலியா மலரும், டியோர் என்றால் ஒடுங்கிய இடை, எர்மெஸ் என்றால் ஆரஞ்சு நிறப் பெட்டி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இவை மரபின் மேல்தோல் மட்டுமே. தையற்கூடத்தில் ஒரு துணியை எப்படி வெட்டுகிறார்கள், எதற்காக அப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் உண்மையான மரபு இருக்கிறது என்பது என் கருத்து.

ஷனெல் கோட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ட்வீட் துணியும் உள்ளே பட்டு லைனிங்கும் வரிவரியாகச் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. அதனால் ஆண்களின் கோட்டில் இருப்பது போன்ற விறைப்பான உள்துணி இதற்குத் தேவைப்படுவதில்லை. கோட்டு உடம்போடு இழைந்து நிற்கிறது. ஆனால் அவ்வளவு மெலிந்த கோட்டு நடக்கும்போதும் உட்காரும்போதும் மேலே ஏறிக்கொள்ளும் அல்லவா? அதற்காகக் கீழ்விளிம்பின் உட்புறம் நெடுகிலும் ஒரு மெல்லிய உலோகச் சங்கிலியைக் கையால் தைத்துப் பொருத்துகிறார்கள். அந்தச் சங்கிலியின் எடையில் கோட்டு நேராகத் தொங்குகிறது. ஆர்ம்ஹோல், அதாவது சட்டைக்கை பொருந்தும் துளை, உயரமாக வெட்டப்படுவதால், கையைத் தூக்கினாலும் கோட்டு முழுவதும் கூடவே எழுந்து வருவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது, அணிந்தவருக்கு மட்டுமே தெரியும். நிறுவனர் கப்ரியேல் ஷனெல் விட்டுச் சென்றது இந்த ஏற்பாட்டைத்தான். முத்துமாலையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுப் பரணில் சணல் கயிற்றால் கட்டிய ஜக்கார்டு அட்டைக் கட்டுகள், அதாவது தறியில் உருவங்களை நெய்வதற்கான துளையிட்ட அட்டைகள், நெடுங்காலம் கிடந்தன. அவற்றில் உள்ள துளைகளைப் பார்த்து "இது மயில், இது மாங்காய்" என்று சொல்ல என் அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பரணில் இருந்தது சொத்துதான், ஆனால் வாசிக்கத் தெரியாதவன் கையில் அது பழைய அட்டை. நான் வடிவமைப்பாளரின் பொருத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பரண்தான் நினைவுக்கு வருகிறது. புதிதாக வருபவருக்கு அந்த வீட்டின் துளைகளை வாசிக்கத் தெரியுமா என்பதே என் முதற்கேள்வி.

அப்படியானால் காப்பகத்தைத் திறந்து பழைய ஆடைகளைப் பிரதி எடுத்தால் போதுமா?

போதாது. அட்டையைத் தறியில் ஏற்றினால் பழைய சேலை மறுபடியும் வரும். அதை இன்றைக்குக் கட்டுபவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் 1983இல் ஷனெலுக்கு வந்தபோது, நிறுவனர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் அவருடைய கோட்டைத்தான் திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார்கள், வாடிக்கையாளர்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. லாகர்ஃபெல்ட் அதே கோட்டை எடுத்து, தோளை அகலமாக்கி, நீளத்தைக் குறைத்து, சங்கிலியை வெளியே கொண்டுவந்து இடுப்புப் பட்டையாக்கினார். சிலருக்கு அது கொச்சையாகத் தெரிந்தது. ஆனால் அவர் 2019இல் இறக்கும் வரை, 36 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வேறொரு வழியும் உண்டு. சாரா பர்ட்டன் 2025 மார்ச்சில் ஷிவான்ஷி நிறுவனத்துக்காகத் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது, அந்நிறுவனத்தின் பழைய கட்டடத்தைச் சீரமைக்கையில் கிடைத்த, 1952ஆம் ஆண்டு முதல் தொகுப்புக்கான காகித வெட்டு மாதிரிகளிலிருந்து தொடங்கினார். பூவேலையையோ நிறத்தையோ எடுத்துக்கொள்ளாமல் வெட்டிலிருந்து தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பரணிலிருந்த அட்டையை வாசிக்கத் தெரிந்தவரின் வேலை அது.

நிறுவனரின் சுபாவத்தோடு ஒத்துப்போகிறவராக இருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியில்தான் பலரும் இடறுகிறார்கள். பெயர்ப் பொருத்தம் பார்ப்பது போல, அமைதியான வீட்டுக்கு அமைதியான வடிவமைப்பாளர், ஆர்ப்பாட்டமான வீட்டுக்கு ஆர்ப்பாட்டமானவர் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்களில் எனக்கு முதலில் தோன்றுபவர் மார்ட்டின் மார்ஜெலா.

பெல்ஜியத்தைச் சேர்ந்த இவர், ஆடைகளைப் பிரித்து, உள்தையலை வெளியே காட்டி, பழைய துணிகளை மறுபடி வெட்டித் தைத்துப் புகழ் பெற்றவர். 1837இல் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ், 1997இல் தன் பெண்கள் ஆடைப் பிரிவை இவரிடம் ஒப்படைத்தபோது பலர் திகைத்துப் போனார்கள். கிழித்துத் தைப்பவருக்கும் சேணம் தைக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். மார்ஜெலா அங்கே எதையும் கிழிக்கவில்லை. மாலுமிகளின் சட்டையை ஒட்டி, கழுத்தை ஆழமாக வெட்டிய ஒரு மேலாடையைச் செய்தார். தலைமுடியும் ஒப்பனையும் கலையாமல் அணியவும் கழற்றவும் அது வசதியாக இருந்தது. பொத்தான்களுக்கு ஆறு துளைகள் இட்டு, நூல் ஓடும் விதத்தில் நிறுவனத்தின் முதலெழுத்து வடிவம் தோன்றும்படி செய்தார். அருகில் வந்து குனிந்து பார்த்தால் மட்டுமே அது தெரியும். அவருடைய காட்சிகளில் நடுவயதைக் கடந்த பெண்களும் நடந்து வந்தார்கள்.

அந்நாளில் இந்த ஆடைகளை மிகச் சாதாரணம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அவர் 2003இல் விலகினார். 2017இல் ஆண்ட்வெர்ப் நகரின் மோமு அருங்காட்சியகம் அந்த எர்மெஸ் ஆண்டுகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. பிரித்துப் பார்ப்பவனுக்குத்தான் சேர்மானம் எங்கே இருக்கிறது என்று தெரியும். தறியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவரே நல்ல தறிக்காரர் என்று எங்கள் ஊரில் சொல்வதும் இதைத்தான். மேலோட்டமான சுபாவத்தைப் பார்த்திருந்தால் மார்ஜெலாவை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த நாட்டைச் சேர்ந்தவராகவாவது இருக்க வேண்டாமா?

தேவையில்லை. பாரிஸ் ஆடைக்கலையின் உச்சமாகக் கருதப்படும் கிறிஸ்தோபல் பாலென்சியாகா, ஸ்பெயினின் கெத்தாரியா என்ற மீனவ ஊரில் பிறந்தவர். எல்சா ஸ்கியாபரெல்லி ரோமாபுரியில் பிறந்தவர். இன்று அவர் பெயரிலான நிறுவனத்தை 2019 முதல் நடத்துபவர் டெக்சாஸைச் சேர்ந்த டேனியல் ரோஸ்பெரி. லாகர்ஃபெல்ட் ஜெர்மானியர். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எங்கள் தெருவில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தோம், தறியில் பாவு (நீளவாட்டு இழை) மட்டும் பழையபடியே ஓடியது. பிறந்த ஊர் கைக்கு ஒரு தடையாக நான் பார்த்ததில்லை.

நிறுவனரே மரபை மீறியவராக இருந்தால், எந்த மரபைக் காப்பது?

நியாயமான கேள்வி. 1939இல் தையற்கூடத்தை மூடிய கப்ரியேல் ஷனெல், 70 வயதில், 1954 பிப்ரவரியில் திரும்பி வந்து ஆடைகளைக் காட்டியபோது, பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரைப் பழைய காலத்துப் பாட்டி என்பது போல எழுதின. அமெரிக்கப் பத்திரிகைகளும் வாடிக்கையாளர்களும்தான் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஷனெல் வீட்டுக்கு ஷனெலே பொருந்தவில்லை என்று ஒரு பருவத்தில் தீர்ப்பு வந்தது என்பதை, இன்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு நான் நினைவூட்டுவதுண்டு.

டியோர் வரலாறு இன்னும் சிக்கலானது. கிறிஸ்தியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று காட்டிய முதல் தொகுப்பில், இடையை இறுக்கி இடுப்பை உள்திண்டு வைத்துப் புடைக்கச் செய்த 'பார்' கோட்டும், துணியை வாரி இறைத்த பாவாடையும் இருந்தன. போர்க்காலப் பங்கீட்டில் துணி கிடைக்காமல் வாடிய உலகத்துக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. அவருக்கு முதலீடு செய்த மார்செல் பூசாக் ஒரு பஞ்சாலை அதிபர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அத்தனை துணி செலவானதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. டியோர் 1957இல் இறந்ததும், 21 வயது இவ் சான் லொரான் பொறுப்பேற்றார். 1958இல் அவர் காட்டிய, இடையை விட்டுவிட்டுத் தோளிலிருந்து விரியும் ஆடையை உலகம் கொண்டாடியது. 1960இல் கறுப்புத் தோல் கோட்டுகளைக் காட்டியதும் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு அவர் ராணுவச் சேவைக்குப் போக நேர்ந்தது, மார்க் போஹன் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார்.

போஹன் 1989 வரை அங்கே இருந்தார். நிறுவனர் இருந்ததே 10 ஆண்டுகள்தான். இவர் ஏறக்குறைய 3 மடங்கு காலம் நடத்தினார். ஆனாலும் என் மாணவர்களில் அவர் பெயரைச் சொல்பவர் வகுப்புக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. சத்தமில்லாத பொருத்தத்தை யாரும் பேசுவதில்லை.

2012இல் டியோருக்கு வந்த ராஃப் சைமன்ஸ் அதுவரை ஓத் கூத்யூர் எனப்படும் கைத்தையல் உயராடைகளைச் செய்ததில்லை; முதல் தொகுப்பைச் சுமார் 8 வாரங்களில் முடிக்க வேண்டியிருந்தது. அவர் 'பார்' கோட்டின் இடுப்பு வளைவை மட்டும் வைத்துக்கொண்டு, பாவாடைக்குப் பதிலாக ஒல்லியான கால்சட்டையைச் சேர்த்தார். 1947ஆம் ஆண்டின் கோடு அதில் அப்படியே இருந்தது. அணிந்திருந்த பெண் மட்டும் இந்தக் காலத்தவள். மீறலும் காப்பும் ஒரே வெட்டில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆடை மரபே மெலிந்த நிறுவனங்களில் என்ன செய்வது?

குச்சி 1921இல் ஃபிளாரன்ஸ் நகரில் தோற்பொருள் கடையாகத் தொடங்கியது. மூங்கில் கைப்பிடிப் பை, குதிரைக் கடிவாள வடிவ உலோகம் பொருத்திய காலணி ஆகியவையே அதன் பழஞ்சொத்து. ஆடைக்கென்று அழுத்தமான இலக்கணம் எதுவும் இருக்கவில்லை. 1994இல் பொறுப்பேற்ற டாம் ஃபோர்டு, பளபளக்கும் சாட்டின் சட்டைகளையும் வெல்வெட் கால்சட்டைகளையும் கொண்டு வந்து ஒரு கவர்ச்சியை உருவாக்கினார். இன்று அதுவே 'குச்சியின் மரபு' என்று எழுதப்படுகிறது. 2015இல் வந்த அலெஸ்ஸாந்த்ரோ மிக்கேலே, தாத்தா பாட்டி அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டியது போன்ற அலங்காரத்தோடு நேர் எதிர்த் திசையில் போய் அவரும் வென்றார். இத்தகைய வீடுகளில் பொருத்தம் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. வருபவர் பையையும் காலணியையும் கெடுக்காமல் இருந்தால் சரி.

பாலென்சியாகாவில் டெம்னா இருந்தது பொருத்தமா?

இதில் என் மாணவர்களும் நானும் ஒத்துப்போவதில்லை. கிறிஸ்தோபல் பாலென்சியாகா வரையவும் வெட்டவும் தைக்கவும் தாமே வல்லவர். சட்டைக்கை சரியாக அமையவில்லை என்றால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி வைப்பார். 1968இல் கடையை அவரே மூடினார். 2015இல் அந்த வீட்டுக்கு வந்த டெம்னா, பருத்த அடிப்பாகம் கொண்ட விளையாட்டுக் காலணிகளாலும், அளவுக்கு மீறிப் பெரிதான கோட்டுகளாலும் பெயர் பெற்றவர். மேலோட்டமாகப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான்.

ஆனால் பாலென்சியாகாவின் கோட்டுகளைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அவர் துணியை உடம்பில் ஒட்டவிடாமல், முதுகுக்கும் துணிக்கும் நடுவே காற்று நிற்கும்படி வெட்டினார். கழுத்துப்பட்டியைப் பின்னால் தள்ளிப் பிடரியைத் திறந்து காட்டினார். டெம்னாவின் பெரிய கோட்டுகளும் அதே பின்சாய்வில் நின்றன. 53 ஆண்டுகள் கழித்து 2021 ஜூலையில் அவர் கூத்யூரை மீட்டபோது, பாரிஸ் ஜார்ஜ் சேங்க் அவென்யூவில் இருந்த நிறுவனத்தின் பழைய கூடத்தைச் சீரமைத்து, நிறுவனர் காலத்து வழக்கப்படி இசையே இல்லாமல் ஆடைகளைக் காட்டினார். வெட்டில் அவர் அந்த வீட்டுக்காரர். கடையில் விற்ற பொருள்களில் பாதி, எந்த வீட்டுக்கும் வேண்டாதவை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருந்தாமை என்றால் எப்படி இருக்கும்?

வீட்டிலுள்ள கைகளுக்கு வேலை இல்லாமல் போவதே அதன் முதல் அடையாளம். அலெக்ஸாண்டர் மெக்குயின் ஆண்கள் கோட்டுத் தையலுக்குப் பெயர்பெற்ற லண்டன் சாவில் ரோ தெருவில் கோட்டுத் தையல் பயின்றவர். 1997 ஜனவரியில் ஷிவான்ஷியில் அவர் காட்டிய முதல் கூத்யூர் தொகுப்பைப் பத்திரிகைகள் கடுமையாகச் சாடின. ஆனாலும் தையற்கூடத்தாரோடு பேச அவருக்கு மொழி இருந்தது. 2009இல் உங்காரோ நிறுவனம் நடிகை லிண்ட்சே லோஹனைக் கலை ஆலோசகராக அழைத்து வந்ததில் அந்த மொழியே இல்லை. அது ஒரு தொகுப்போடு நின்றது.

என் அனுபவம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சேலைக் கடைக்காரர் நகரத்திலிருந்து ஓர் இளம் வடிவமைப்பாளரை எங்கள் பக்கம் அனுப்பினார். அவர் கணினியில் போட்டு வந்த கரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாவில் எத்தனை இழை, அச்சில் எத்தனை பல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெய்து பார்த்தபோது அன்னத்தின் கழுத்து நசுங்கி வாத்தாகிவிட்டது. பழி தறிக்காரர் தலையில் விழுந்தது, கூலியும் பிடிக்கப்பட்டது.

இந்த நிறுவனங்களின் பூவேலையை நம் நாட்டில் செய்கிறார்களே, அவர்களின் மரபு கணக்கில் வராதா?

வர வேண்டும். ஷனெல் 2002இல் வாங்கிய லெசாஜ், பாரிஸின் புகழ்பெற்ற பூவேலைக் கூடம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்ஸ்வா லெசாஜ் 1990களில் சென்னையில் வஸ்திரகலா என்ற பூவேலைக் கூடத்தைத் தொடங்கினார். டியோரின் வடிவமைப்பாளராக இருந்த மரியா கிராட்சியா கியூரி, மும்பையின் சாணக்யா கூடத்தோடு நெடுநாள் வேலை செய்து, 2023 மார்ச்சில் கேட்வே ஆஃப் இந்தியா முன்பாகவே தொகுப்பைக் காட்டினார். ஊசி பிடித்தவர்களின் ஊரைப் பெயர் சொல்லிக் காட்டியது நல்ல தொடக்கம். ஆனால் வாங்குபவர் கையில் போகும் ஆடையின் லேபிளில் இன்றும் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஒரு வடிவமைப்பாளர் மரபுக்குப் பொருந்துகிறாரா என்று பேசும்போது, யாருடைய கை மரபு என்ற கேள்வியை விட்டுவிடுவது தறிக்காரன் மகனுக்குச் சரியாகப் படவில்லை.

நம் பக்கத்துத் துணிகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால், மூன்று நாடாக்களை (குறுக்கிழையை ஓட்டும் தறிக் கட்டைகளை) ஓட்டி இழைக்கு இழை கோத்து இணைப்பது கோர்வை. புதிய வடிவமைப்பாளர் பாக்கு நிற உடலுக்குச் சாம்பல் கரை கேட்டாலும் கோர்வையை விடாதிருந்தால், அவர் அந்த மரபுக்காரர். கோபுரக் கரையை அப்படியே அச்சடித்துவிட்டுக் கோர்வையைக் கைவிட்டவர், சின்னத்தை வைத்துக்கொண்டு மரபை விட்டவர். திருப்பதியைத் தாண்டிக் காளகஸ்திக்குப் போனால் கலம்காரியிலும் இதே கதைதான். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் துணியை ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த கறுப்பு மையில் மூங்கில் பேனாவைத் தோய்த்து வரைவது ஒன்று. அந்தப் படத்தைத் திரையச்சில் ஏற்றித் துப்பட்டாவாக விற்பது வேறு.

எத்தனை காலம் பொறுத்துப் பார்க்க வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்?

முதல் தொகுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல நேரங்களில் அது அவசரத்தில், தையற்கூடத்தாரின் பெயர்கூடப் பழகாத நிலையில் செய்யப்படுவது. மூன்றாம் ஆண்டில், காப்பகத்திலிருந்து எடுத்த ஒரு பொருள் மூன்று முறை உருமாறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் முன்பக்கத்தை மட்டும் பார்க்காமல், முதுகு, அக்குள், விளிம்பு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

ஷனெலின் புதிய வடிவமைப்பாளர் மாத்தியூ பிளாசி 2025 அக்டோபரில் பாரிஸின் கிராண்ட் பாலே மண்டபத்தில் காட்டிய முதல் தொகுப்பைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. கப்ரியேல் ஷனெல் தம் காதலர் பாய் கேப்பலின் ஆடைகளை எடுத்துப் போட்டுக்கொண்டவர். அதை வைத்து பிளாசி, பாரிஸின் பழைய சட்டைக்காரர்களான ஷார்வே நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்கள் சட்டை போன்ற சட்டைகளைச் செய்திருந்தார். தொடக்கத்தில் சொன்ன கோட்டுச் சங்கிலி, அந்தப் பருத்திச் சட்டைகளின் கீழ்விளிம்பில் இருந்தது.